ஜாஸ்லின் வாசித்த திருவிருந்துப் பாட்டு

தங்கச்சிமடம் கடைத்தெருவில் செராக்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு ஜாஸ்லினைத் தெரியும். காகிதத்தை வலது கையால் வாங்குவாள், வலது கையாலேயே இயந்திரத்தில் வைத்து மூடுவாள். இடது கை எப்போதும் துப்பட்டாவின் மடிப்புக்குள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அவளைக் கொஞ்சம் விறைப்பான ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள்தான் ஊர்க் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவள். கல்யாணமான பிறகு, கணவன் சூசைமுத்து விசைப்படகில் கடலுக்குப் போக, அவள் கரையில் ஒரு மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். இறால் பெட்டிகளுக்கு ஐஸ் நொறுக்குகிற இயந்திரத்தில் ஒருநாள் ஒரு கட்டி சிக்கிக்கொண்டது. அதைத் தட்டிவிட இடது கையை நீட்டினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. கோவிலுக்குப் போவாள், பின்வரிசையில் உட்காருவாள், பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள். வலது கை மெட்டை வாசிக்கும். அதற்கு அடியில், சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளான கார்டுகளைப் பிடித்துப் பாட்டைத் தாங்குவது இடது கை. மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்த அவளுடைய தம்பி ஜோஸ்வின்தான் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து ஒரு மென்பொருளைக் காட்டினான். மேடையில் நேரடியாக வாசிக்கிறவர்களுக்கென்றே செய்த மென்பொருள் அது. கீபோர்டைக் கணினியோடு இணைத்துவிட்டால் கீபோர்டு வெறும் கட்டைகள்தான். ஒலியெல்லாம் கணினிக்குள்ளிருந்து வரும். எந்தக் கட்டைக்கு எந்த ஒலி என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

“அக்கா, ஒத்தை விரல்ல அமுக்குனா முழுக் கார்டும் வர்ற மாதிரி செய்யலாமாம். நீயே தேடிப் படிச்சுக்க. எனக்கு இம்புட்டுத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

விபத்துக்குப் பிறகு உட்கார்ந்த செராக்ஸ் கடையில், மத்தியானம் ஆள் வராத நேரங்களில் ஜாஸ்லின் அதோடு மல்லுக்கட்டினாள். எல்லாம் ஆங்கிலம். முதல் வாரங்களில் கட்டையை அழுத்தினால் ஒலி ஒரு கணம் தாமதமாக வந்தது. கிணற்றுக்குள் பேசினால் திரும்பி வருமே, அதுபோல. அந்தத் தாமதத்தோடு வாசித்தால் தாளம் கால் தடுக்கி விழும். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் இணையதளம் ஒன்று இருந்தது. மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கணினி ஒலியைச் சின்னச் சின்னக் கவளமாகத்தான் ஊட்டும் என்று அங்கே புரிந்தது. கவளத்தைச் சிறிதாக்கினால் ஒலி உடனே வரும். ஆனால் ரொம்பச் சிறிதாக்கினால் கணினிக்கு மூச்சு வாங்கும். எண்ணெயில் தண்ணீர் தெறித்தாற்போல ஒலி பொரியும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் கணினிக்கு அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒருநாள் துணிந்து தன் கையைப் பற்றி அங்கே எழுதினாள். பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல் போன யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பதில் எழுதினார். ஒற்றை விரல் கார்டுகளை எப்படி அமைப்பது, காலால் மிதிக்கும் பெடலை வைத்துப் பாட்டுக்குப் பாட்டு ஒலியை எப்படி மாற்றுவது என்று படிப்படியாகச் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு வரி: “மேடையில் ஏதாவது தவறினால் முதலில் எதையும் பிடுங்காதே. சத்தத்தைக் குறை. அப்புறம் யோசி.”

ஒரு வருடத்தில் பாடகர் குழுவின் பாட்டுகள் அனைத்தையும் அதற்குள் அமைத்துவிட்டாள். இடது ஆள்காட்டி விரல் ஒரு கட்டையைத் தொட்டதும் முழுக் கார்டும் எழுந்து நின்றபோது, கடைக்குள் தனியாக இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பாடகர் குழுவின் தலைவர் பிரடெரிக், நாட்டுப்படகுக்காரர். மைக் இல்லாமலே கோவில் கடைசிவரை கேட்கிற குரல். அவர் மனைவி ஜோதிமேரியும் குழுவில் பாடுகிறவள். “பழையபடி வாசி. உன்னைய விட்டா எங்களுக்கு யாரு?” என்று பிரடெரிக்தான் முதலில் அவளைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் மகள் ஷெரினின் கல்யாணத்தில் வாசிப்பது என்று முடிவானது.

அன்று நடந்ததை ஊர் இன்னும் பேசுகிறது. மணப்பெண் வாசலில் வந்து நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்லின் முதல் கார்டை அழுத்தினாள். நான்கைந்து நொடி நன்றாக வந்தது. பிறகு ஒலி பொரிந்தது. பிறகு கிழிந்தது. லேப்டாப் இணையத்தோடு இணைந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. பின்னணியில் அது எதையோ இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து ‘கரகர’வென்று ஒரு சத்தம் வெடிக்க, முன்வரிசையிலிருந்த குழந்தைகள் வீரிட்டன. பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். ‘டம்’ என்று ஓர் இடி. பிறகு மயான அமைதி. அந்த அமைதியில் ஷெரின் தலையைக் குனிந்துகொண்டு பீடம்வரை நடந்தாள்.

ஜாஸ்லின் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறிவிட்டாள். கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பிரடெரிக் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எதிரே வந்தால் வலையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்துப் போவார். விசேஷத் திருப்பலிப் பூசைகளுக்கு ராமநாதபுரத்திலிருந்து வசந்தகுமார் என்பவரை வாசிக்க வரவழைத்தார்கள்.

அடுத்த ஜூன் மாதம். கோவில் திருவிழா. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம். விசைப்படகுகளெல்லாம் கரையில் கிடந்தன, ஆண்களெல்லாம் ஊரில் இருந்தார்கள். மறைமாவட்டத் தலைவரான ஆயர் வந்து நிறைவேற்றும் காலைத் திருப்பலிக்குச் சுற்றுவட்டாரக் கடற்கரை ஊர்களெல்லாம் திரளும். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது வசந்தகுமாருக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது.

மறுநாள் பிரடெரிக் செராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றார். கூட ஜோதிமேரி. அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதே ஜோதிமேரிதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“உள்ள வாங்கண்ணே. வாங்க மதினி” என்று ஜாஸ்லின் எழுந்தாள்.

“இருக்கட்டும், இங்கனயே நிக்கிறேன்” என்றார் பிரடெரிக். “திருவிழாவுக்கு ஆளு இல்ல. உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்ணே.”

“அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இல்லாம வாசிக்க முடியுமா உன்னால?”

ஜாஸ்லின் துப்பட்டாவிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“முடியாதுண்ணே.”

“அப்ப அந்தப் பெட்டி அன்னைக்கி மாதிரி செய்யாதுன்னு சொல்லு. நான் நம்பிக்கிறேன்.”

அவள் யோசித்தாள். ‘செய்யாது’ என்று சொல்லிவிடலாம். அவர் கேட்க விரும்பியதும் அதுதான்.

“அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. அன்னைக்கி எதனால ஆச்சுன்னு கண்டுபிடிச்சேன். அது திரும்ப நடக்காது. வேற ஏதும் நடக்காதுன்னு எப்படி அடிச்சுச் சொல்றது?”

“பாத்தியாடி?” என்றார் பிரடெரிக் மனைவியிடம்.

“என்னத்தப் பாக்குறது?” ஜோதிமேரிக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க படகு இஞ்சினு நடுக்கடல்ல நின்னதே இல்லையா? நீங்க மறுநாளு தொழிலுக்குப் போகலையா? பொய் சொல்லாம பேசுறா, அதுக்குக் கோவப்படுறீக.”

பிரடெரிக் தெருப் பக்கம் திரும்பினார். “சாயங்காலம் பாட்டுப் பழக வந்துரு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

திருவிழாக் காலையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வெறிபிடித்து வீசியது. கோவில் முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். கடற்கரை மணல் பந்தலுக்குள் சுழன்று சுழன்று வந்தது. சூசைமுத்து கீபோர்டைத் தூக்கிவந்து தாங்கியில் வைத்தான். பக்கத்திலிருந்த சின்ன மேசைமேல் ஜோதிமேரி ஒரு சிவப்பு வெல்வெட் துணியை நான்காக மடித்து விரித்து, லேப்டாப்பை அதன் மேல் வைத்து, மணல் புகாதபடி ஓரங்களையும் சுருட்டி முட்டுக்கொடுத்தாள்.

“மணலு உள்ள போயிறக் கூடாதுல்ல. மாதா சுரூபத்துக்குப் போட்ட துணிதான், ஒண்ணும் ஆகாது” என்றாள்.

லேப்டாப் அடிவழியாகத்தான் மூச்சுவிடும் என்பது ஜாஸ்லினுக்குத் தெரியும். துணியை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தனக்காகப் புருஷனோடு தெருவில் நின்று வாதாடிய மனுஷி ஆசையாக விரித்த துணி. ஒன்றரை மணிநேரம்தானே என்று விட்டுவிட்டாள். இணையத்தைத் துண்டித்தாளா என்று மட்டும் மூன்று தடவை பார்த்துக்கொண்டாள்.

வருகைப் பாட்டு நன்றாகப் போனது. ‘உன்னதங்களிலே’ பாட்டும் நன்றாகப் போனது. பிரடெரிக் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார்; படகின் அடியில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பதுபோல. ஆயரின் மறையுரை நீண்டது. வெயில் ஏறித் தகரத்தில் இறங்கியது. ஜாஸ்லினின் புருவத்திலிருந்து வியர்வை கட்டைகள்மேல் சொட்டியது. லேப்டாப்பின் உள்விசிறி இரைவது அவளுக்குக் கேட்டது. திரையின் மூலையில், கணினி எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று காட்டும் சின்னக் கோடு காலையில் பச்சையாக இருந்தது; இப்போது மஞ்சளாகியிருந்தது.

காணிக்கைப் பாட்டின் நடுவே ஒருமுறை பொரிந்தது. ஒரே ஒரு பொரி. கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பிரடெரிக்கின் தோள்பட்டை மட்டும் இறுகியது.

‘தூயவர்’ பாட்டைப் பாடி முடித்தார்கள். ஜாஸ்லின் கடைசிக் கார்டைப் பிடித்து, பிறகு இரு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்தாள். எல்லாரும் முழந்தாளிட்டார்கள்.

ஒலி நிற்கவில்லை.

மேல் ஒலிகள் அடங்கிவிட்டன. அடியில் ஒரு கனத்த ஒலி மட்டும் ‘ம்ம்ம்’ என்று நீண்டுகொண்டே இருந்தது. அவள் கைகள் மடியில் இருந்தன. ஆனாலும் ஒலி வந்துகொண்டே இருந்தது. ஆயர் அப்பத்தைக் கையில் எடுத்தார். அந்தத் திருவிழாக் கூட்டம் மூச்சுக்கூட விடாமல் தலைகுனிந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில், பந்தலின் ஒவ்வொரு மூலையிலும் கட்டியிருந்த பெட்டிகளிலிருந்து அந்த ஒலி இறங்கி, பெஞ்சுகளின் கால்களை அதிரவைத்தது.

எல்லா ஒலியையும் ஒரே அடியாக நிறுத்த அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அதை நோக்கி அம்புக்குறியை நகர்த்தினாள். அம்புக்குறி நகரவில்லை. திரை உறைந்துவிட்டது. ஒலி இப்போது கரகரக்கத் தொடங்கியது. ஒலிபெருக்கிக்காரர் பந்தலின் மறுகோடியில், நூற்றுக்கணக்கான தலைகளுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். ஆயர் ஒரு கணம் நிறுத்தி, கண்ணை நிமிர்த்திப் பாடகர் குழுவின் பக்கம் பார்த்தார். முன்வரிசையில் தலைகள் திரும்பின.

அவள் கை தானாகவே ஒயரை நோக்கிப் போனது.

விரல் ஒயரில் பட்டதும் அந்த ‘டம்’ நினைவுக்கு வந்தது. இந்த அமைதியில் அந்த இடி விழுந்தால்? பிடுங்காதே. சத்தத்தைக் குறை. கணினிக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு சின்ன ஒலிப்பெட்டி இருந்தது. அதன் இடது ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. மடங்குகிற இரண்டு விரல்களால் அதைப் பிடித்தாள். விளக்குத் திரியை இறக்குவதுபோல மெல்ல, மெல்லத் திருப்பினாள். கனத்த ஒலி தேய்ந்து, தேய்ந்து, காற்றின் இரைச்சலோடு கலந்து மறைந்தது.

மணி ஒலித்தது. ஆயர் அப்பத்தை உயர்த்தினார்.

பிரடெரிக் முழந்தாளிட்டபடியே திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். ‘விடு. போதும். நிறுத்திக்க’ என்று அர்த்தம்.

ஜாஸ்லின் லேப்டாப்பின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். தூக்கியபோது அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டது. வெல்வெட் துணியில் சூடு அப்படியே தேங்கி நின்றது. துணியை உருவித் தரையில் போட்டாள். இரண்டு பாட்டுப் புத்தகங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, காற்றுப் போக இடம் விட்டு, லேப்டாப்பை அவற்றின் மேல் அமர்த்தி மறுபடியும் உயிர்கொடுத்தாள். தரையில் கிடந்த துணியைப் பார்த்த ஜோதிமேரியின் முகம் வெளுத்துப்போனது.

எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விட இப்போதும் முடியும். பந்தலின் அந்தப் பக்கம் திறந்துதான் இருந்தது. கால் ஒருமுறை பின்வாங்கியதை அவளே உணர்ந்தாள். தூண் ஓரம் நின்ற சூசைமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எந்தச் சைகையும் செய்யவில்லை. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பரலோக மந்திரம் முடிந்தது. லேப்டாப் விழித்துக்கொண்டது. மென்பொருளைத் திறந்தாள். ஒலிகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. நீலப் பட்டை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பட்டை பாதியைத் தாண்டவில்லை. அப்பம் வழங்கும் திருவிருந்து தொடங்கிவிட்டது. வரிசை வரிசையாகச் சனம் எழுந்தது.

பிரடெரிக் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வெறும் குரலில் பாட்டை எடுத்தார். குழு பின்தொடர்ந்தது.

முதல் சரணம் கம்பீரமாக இருந்தது. இரண்டாவது சரணத்தில் ஜாஸ்லின் நிமிர்ந்தாள். சுருதி இறங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு வாத்தியம் இல்லாமல், வெக்கையிலும் பதற்றத்திலும் களைத்த குரல்கள், சரணத்துக்குச் சரணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தன. பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. மூன்றாவது சரணத்தில், தாழ்ந்த வரி வந்தபோது பெண்களின் குரலே கேட்கவில்லை. அவ்வளவு கீழே அவர்களுக்கு எட்டவில்லை. வரிசை பாதிகூட நகரவில்லை. இன்னும் ஐந்தாறு சரணமாவது பாடியாக வேண்டும்.

நீலப் பட்டை நிறைந்தது.

பெட்டிகளுக்குப் போகும் திருகு பூச்சியத்திலேயே இருந்தது. காதில் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. அடுத்த கட்டை. அதுவும் இல்லை. குழு நின்ற இடம் எந்தக் கட்டையிலும் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில், ஓர் இடுக்கில் போய் நின்றுவிட்டது. இப்போது எந்தக் கார்டை வாசித்தாலும் குரலோடு மோதும். ஆயருக்கு முன்னால், இத்தனை ஊர்ச் சனத்துக்கு முன்னால், நாராசமாகக் கேட்கும்.

பிரடெரிக் இப்போது திரும்பினார். ஹெட்போனோடு இருந்த அவளைப் பார்த்து, தலையை அழுத்தமாக இல்லை என்று ஆட்டினார்.

அவர் சொல்வதைக் கேட்டிருக்கலாம். நான்காவது சரணம் தொடங்கியது. ஜோதிமேரியின் குரல் அடிவரியில் உடைந்தது.

மென்பொருளில் முழுக் கருவியின் சுருதியையும் இம்மி இம்மியாக நகர்த்த ஒரு தள்ளுகோல் உண்டு. அதை இதுவரை அவள் தொட்டதேயில்லை. இப்போது அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஒரு காதில் குழுவின் குரல், மறு காதில் தன் ஒலி. இரண்டும் ஒன்றோடொன்று உரசி, வேகமாகத் துடித்தன. இன்னும் இழுத்தாள். துடிப்பு மெதுவானது. அலைபோல மெதுவாக ஏறி இறங்கியது. இன்னும் ஓர் இம்மி. அலை ஓய்ந்தது. இரண்டு காதிலும் ஒரே ஒலி.

அவள் பித்தளைக் குழல் ஒலிகளையும் மணி ஒலிகளையும் அணைத்துவிட்டு, வயலின் கூட்டத்தின் மெல்லிய ஒலியை மட்டும் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் கட்டையைத் தொட்டது. திருகை மயிரிழை திருப்பினாள். எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம். யாரோ தூரத்தில் கூடவே ‘ம்ம்’ கொட்டுவதுபோல அது குரல்களுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

பிரடெரிக் ஒரு வரியைப் பாடாமல் விட்டார். வாய் திறந்தபடி இருந்தது, குரல் வரவில்லை. காது கொடுத்துக் கேட்டார். அவர் கண் அவள்மேல் இருந்தது. ஜாஸ்லின் விரலைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அவர் அடுத்த வரியை எடுத்தார். சரியாக அந்த ஒலியின்மேல் வந்து நின்று எடுத்தார்.

ஐந்தாவது சரணத்துக்கு முன் இருந்த சின்ன இடைவெளியில் அவள் தள்ளுகோலை ஓர் இம்மி மேலே நகர்த்தினாள். குழு அறியாமலே கூட வந்தது. அடுத்த இடைவெளியில் இன்னோர் இம்மி. திரும்பத் திரும்பத் திரையின் சுமைக் கோட்டைப் பார்த்தாள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது சரணத்தில் பெண்களின் குரல் அடிவரியில் தெளிவாகக் கேட்டது. தொடங்கிய சுருதிக்கு முழுதாகத் திரும்பவில்லை. பாடக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் பேராசைப்பட அவளுக்குத் தைரியம் இல்லை. கடைசி ஆள் அப்பம் வாங்கித் திரும்பும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

திருப்பலி முடிந்து சனமெல்லாம் கோவில் பொது விருந்தான அசனச் சாப்பாட்டுக்கு நகர்ந்தது. ஜாஸ்லின் ஒயர்களைச் சுருட்டினாள். சூசைமுத்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பிரடெரிக் கிட்டே வந்தார். முகத்தில் இருப்பது கோபமா என்று சொல்ல முடியவில்லை.

“நடுவுல சுருதிய ஏத்துனியா?”

“ஏத்துனேன்ணே.”

“என் தொண்டைக்குத் தெரிஞ்சுச்சு. மொதல்ல என்னமோ நானே ஏறுறேன்னு நெனச்சேன்.”

“கீழ பொம்பளையாளுகளுக்கு எட்டலண்ணே. அதான்.”

“நான் வேணாம்னு தலைய ஆட்டுனேன். பாத்தேல்ல?”

“பாத்தேன்.”

அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நல்லாத்தான் வந்துச்சு. இல்லேன்னு சொல்லல. ஆனா இத்தன பேரு தொண்டையையும் எங்களுக்கே தெரியாம நீ இழுத்துக்கிட்டுப் போயிருக்க, ஆத்தா. அது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

ஜாஸ்லினுக்கு அது நியாயமாகவே பட்டது. “இனிமே சொல்லிட்டுச் செய்யிறேன்ணே” என்றாள்.

“பாடுறப்ப எப்படிச் சொல்லுவ? என்னையப் பாரு. நான் கண்ணக் காட்டுனா ஏத்து. காட்டலேன்னா விட்டுரு.”

அவர் போன பிறகு ஜோதிமேரி வந்தாள். தரையில் கிடந்த துணியை எடுத்து உதறி மடித்தாள். கண் கலங்கியிருந்தது.

“நாந்தான செஞ்சேன்? சொல்லு. இதனாலதான நின்னுச்சு?”

இல்லை என்று சொல்லிவிட வாய்வரை வந்தது.

“ஆமா மதினி. சூடு வெளிய போகல” என்றாள் ஜாஸ்லின். “ஆனா எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எடுக்காம விட்டது நான்தான். உங்க மனசு நோகும்னு பாத்தேன்.”

“அடிப்பாவி, துணியை எடுன்னா நான் செத்தா போவேன்?” என்று அழுகையோடு சிரித்தாள் ஜோதிமேரி. “அவருகிட்ட சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்.” சொன்னாளா என்று ஜாஸ்லின் பிறகு கேட்கவில்லை.

இப்போது ஜாஸ்லின்தான் எல்லாத் திருப்பலிகளுக்கும் வாசிக்கிறாள். பெரியபட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் கூப்பிட்டிருந்தார்கள், போய் வந்தாள். இன்றும் முதல் கார்டை அழுத்துமுன் இணையத்தைத் துண்டித்தாளா என்று மூன்று தடவை பார்த்துக்கொள்கிறாள்.

பிரடெரிக்குக்கு ஒரு கவலை ஒட்டிக்கொண்டது. குரல் எங்கே சரிகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் அவருக்கு. பாட்டுப் பழகும் சாயங்காலங்களில் கீபோர்டை நிறுத்தச் சொல்லி, குழுவை வெறுமனே பாடவைத்து, சரணத்துக்குச் சரணம் ஜாஸ்லினை ஒரு கட்டை தட்டிக் காட்டச் சொல்வார். இரண்டாவது வரியில், மெட்டு மேலிருந்து இறங்கும் இடத்தில்தான் சரிவு தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார். அந்த இடத்தில் மற்றவர்களை இழுத்துக்கொண்டு இறங்குவது தன் குரல்தான் என்றும் கண்டுபிடித்தார்.

போன வாரமும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

“இப்ப?” என்று கேட்டார்.

ஜாஸ்லின் கட்டையைத் தட்டினாள். “இன்னும் கொஞ்சம் கீழதாண்ணே இருக்கு.”

“மறுபடி எடுங்க” என்றார் பிரடெரிக்.